குடமும் நாற்காலியும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் வாரத்தில் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "ஏப்ரல் 3 என்ன நாள்?" உசிலம்பட்டி, செக்கானூரணி, சேடபட்டிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்: பெருங்காமநல்லூர், 1920, துப்பாக்கிச்சூடு, பதினாறு பேர். அடுத்த கேள்விக்குத்தான் வகுப்பு அமைதியாகும். "பதினாறு பேரில் பெண்கள் எத்தனை?" சில ஆண்டுகளுக்கு முன்பு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஒருத்தரும்மா. மாயக்கா. அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுக்கப் போனவங்கன்னு எங்க அப்பத்தா சொல்லும்" என்றாள். அவள் உட்காரும் முன்பே பக்கத்திலிருந்தவள் கேட்டாள்: "அதுக்கப்புறம் மத்த பொம்பளைங்கல்லாம் என்ன செஞ்சாங்கம்மா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த வட்டாரத்து வாய்மொழி வழக்குகளை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். சுட்டவர் யார், செத்தவர் யார், வழக்கை நடத்தியவர் யார் என்று சொல்லத் தெரிந்தது. மறுநாள் காலையில் அந்த ஊரில் அடுப்பை யார் மூட்டினார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை. ஆயுதம் பேசி ஓய்ந்த பிறகு ஓர் ஊரைத் திரும்பக் கட்டுவது யார்? அந்தக் கட்டும் வேலையில் உட்காரும் இடம் யாருக்கு, சுமக்கும் இடம் யாருக்கு? மதுரைச் சமவெளியின் நூறாண்டுகளை இந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

*

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911இல் அது திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்கள் 1914 தொடங்கிப் படிப்படியாக அதன் வலைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். பத்து விரல் ரேகையைப் பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஊரில் இதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று ஊரைச் சூழ்ந்த போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் அவரை இந்த வட்டாரம் நினைவில் வைத்திருக்கிறது.

சுட்ட அரசே பிறகு சீரமைக்கவும் வந்தது. கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் பள்ளிகள் திறந்தார்கள், விடுதிகள் கட்டினார்கள், கூட்டுறவுச் சங்கங்கள் வைத்தார்கள், கிணறு வெட்டவும் நிலம் திருத்தவும் கடன் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அச்சாணியாக ஊர்தோறும் 'கள்ளர் பஞ்சாயத்து' அமைக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தங்கள் ஊராரின் நடத்தைக்குத் தாங்களே பொறுப்பு என்று ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் சொல்லை நம்பி இரவுக் கையெழுத்திலிருந்து அரசு விலக்குத் தரும். காவலும் உள்ளாட்சியும் ஒன்றாகப் பிசைந்த ஏற்பாடு இது. அந்தப் பள்ளிகள் பல தலைமுறைகளுக்கு எழுத்தைக் கொடுத்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. என் மாணவிகள் பலர் அவற்றில் படித்து வந்தவர்கள்தான்.

ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அது ஒரு சாதியின் பஞ்சாயத்து. அதே ஊர் எல்லையில், அதே புஞ்சைகளில் வேலை செய்த தலித்துகளுக்கு அதில் இடமில்லை. அந்தச் சாதிக்குள்ளும் அது ஆண்களின் பஞ்சாயத்து. ஆண் இரவில் எங்கே படுக்கிறான் என்பதுதான் அரசின் கவலை, ஆகையால் பேச்சுவார்த்தையும் ஆண்களோடுதான். காவல் நிலையத் திண்ணையில் ஆண்கள் படுத்துக் கிடந்த இரவுகளில் வீட்டையும் மாட்டையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த மாணவியின் அப்பத்தாவை ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பார்வை மங்கிவிட்டது, பேச்சு மங்கவில்லை. தன் மாமியார் சொன்னதாகச் சொன்னார்: "ஆம்பளைக்கு ராத்திரி ஒரு கையெழுத்து ஆத்தா. எங்களுக்கு விடிய விடியக் காவல்." சுடப்பட்ட ஊரைப் பற்றி நூலகத்தில் நான் புரட்டிய எந்தத் தாளிலும் இப்படி ஒரு வரியை நான் படித்ததில்லை.

சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை 1947இல் நீக்கியது. சட்டம் போனது, பஞ்சாயத்தில் யார் உட்காரலாம் என்ற வழக்கம் போகவில்லை.

*

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. நகரங்களுக்கான 74ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் முதல் தேதி வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கேற்ற இடம், தலைவர் பதவிகளிலும் அப்படியே. 1986க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலையே பார்க்காத தமிழ்நாடு, 1996 அக்டோபரில் இந்தப் புதிய விதிகளோடு வாக்களித்தது. அடுத்த ஆண்டுக்குள் மதுரை மாவட்டம் அதற்கு இரண்டு விலைகளைக் கொடுத்தது.

முதல் விலை நகரத்துக்குள். அப்போது எனக்குக் கல்லூரி வயது. எங்கள் தெரு வில்லாபுரத்துக்குப் பக்கம். விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுப்பதும், ஐந்து மணிக்கு அம்மா போய்ச் சண்டை போட்டு இரண்டு குடம் கொண்டுவருவதும் எங்கள் வீட்டின் அன்றாடம். வில்லாபுரம் வார்டிலிருந்து மதுரை மாநகராட்சிக்கு மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி, நெசவுத் தொழிலாளி. தண்ணீரை வைத்துக் காசு பார்த்த உள்ளூர்க் கும்பலை எதிர்த்து நின்று, தன் வார்டுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்தார். 1997 ஏப்ரல் 23 அன்று தெருவில் பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அன்று மாலை எங்கள் வீட்டில் அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மட்டும் சொன்னார்: "தண்ணி கேட்டதுக்கா அந்தப் புள்ளைய வெட்டுனாங்க?" கேட்டதற்காக அல்ல, வாங்கிக் கொடுத்ததற்காக என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. பெண் தண்ணீர் சுமப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. அந்தத் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று அவளே முடிவு செய்தபோதுதான் அரிவாள் வந்தது.

அறுபத்தெட்டு நாள் கழித்து இரண்டாவது விலை. மேலூர் வட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மனுப் போட்டவர்கள் மிரட்டலில் திரும்பப் பெற்றார்கள். தலித் வீடுகள் எரிந்தன. வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோடு நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் போய் உட்கார அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கான இழப்பீடு பற்றிப் பேச மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியபோது முருகேசனும் துணைத்தலைவர் மூக்கனும் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் சேலம் அமர்வு நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்நீதிமன்றங்கள் அதை உறுதி செய்தன. அவர்களில் மூவர் 2008இலும் பதின்மூன்று பேர் 2019இலும் தண்டனைக் காலம் முடியும் முன்பே அரசால் விடுதலை செய்யப்பட்டார்கள்.

கொல்லப்பட்டவர்கள் போன வேலையைக் கவனியுங்கள். அவர்கள் பழிவாங்கப் போகவில்லை. எரிந்த கூரையைத் திரும்பப் போடக் காசு கேட்டு மனுக் கொடுக்கப் போனார்கள். ஓர் ஊராட்சித் தலைவர் செய்ய வேண்டிய வேலை அதுதான். அந்தக் கூரைகளுக்குக் கீழே பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த பெண்கள், அதற்குப் பிறகு நீதிமன்றத்துக்கும் அலுவலகங்களுக்கும் நடந்தார்கள். மேலவளவில் 'விடுதலைக் களம்' என்ற நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று அங்கே கூட்டம் நடக்கும். மேடையில் ஆண்கள் பேசுவார்கள். நான் போயிருந்த ஆண்டு, சோறு பொங்கிய இடத்திலும் தண்ணீர் ட்ரம் பக்கத்திலும் நின்ற பெண்களோடுதான் நான் அதிகம் பேசினேன். ஆண்டுகளையும் வழக்கின் தேதிகளையும் மேடையை விடத் துல்லியமாக அவர்கள் சொன்னார்கள்.

*

உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளும் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே தலைவர் இல்லை. தேர்தல் அறிவிப்பு வரும், மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தாலும் ஊர் நிறுத்திய ஆள் வென்று, பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுப்பார். அரிவாள் வெளியில் வரவில்லை என்பதால் இதை அமைதி என்றார்கள். மேலவளவைப் பார்த்த பிறகு எந்த தலித் குடும்பத்துக்கும் அரிவாளைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் இந்த வட்டாரத்தின் பெருந்தெய்வம். மாசியில் மக்கள் ஊர் ஊராகத் திரள்வார்கள். அங்கே தெய்வம் பெண்தான், நாற்காலி மட்டும் ஆணுக்கு, அதுவும் ஒரு சாதி ஆணுக்கு. ரேகைச் சட்டத்தில் தலைமுறைகளாக அவமானப்பட்ட மக்கள், அந்த அவமானத்தின் ருசியை நன்றாக அறிந்த மக்கள், பக்கத்துத் தெருவுக்கு அதையே ஏன் பரிமாறினார்கள்? என் வகுப்பில் இதைக் கேட்டால் சில முகங்கள் சுருங்கும். சுருங்கும் முகங்கள்மீது எனக்குக் கோபமில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: 1920க்குப் பிறகு நடந்த சீரமைப்பு ஒரு சாதியின் ஆண்களுக்கு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தது. நாற்காலி என்பது யாருடையது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. காயத்தை ஆற்றாமல் மானத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால், அந்த மானம் இன்னொருவரை மிதித்துத்தான் நிமிரும்.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் முறையாக நடந்தது. மதுரையில் அப்போது ஆட்சியராக இருந்தவர் த. உதயச்சந்திரன். கட்சிகளும் இயக்கங்களும் ஊருக்குள் போய்ப் பேசின. பேச வந்தவர்களோடு உட்கார இந்தச் சாதிக்குள்ளிருந்தே ஆட்கள் முன்வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நவம்பரில் சென்னையில் 'சமத்துவப் பெருவிழா' எடுத்து, நான்கு தலைவர்களையும் அரசு பாராட்டியது. பதினைந்து ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று, பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

2006இல் மேடையேறிய நான்கு தலைவர்களும் ஆண்கள். அவர்களுடைய வெற்றியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. பத்தாண்டு பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பத்தாண்டில் தலைவர் இல்லாத ஊராட்சியில் குழாய் உடைந்தபோது, தெருவிளக்கு அணைந்தபோது, ரேஷன் கடையிலும் வயற்காட்டிலும் இரண்டு தெருக்காரர்களும் முகம் பார்க்க நேர்ந்தபோது, பேச்சு முறியாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார்? கூலிக்குக் களையெடுக்கும் வரப்பில் இரண்டு சாதிப் பெண்களும் அடுத்தடுத்து நின்றார்கள். ஆண்களின் பேச்சுவார்த்தைக்கு முன்பே அங்கே ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை எந்தப் பாராட்டு விழாவும் கணக்கில் எடுத்ததில்லை.

*

இதே சமவெளியில், உண்மையான போரிலிருந்து தப்பி வந்தவர்களும் நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறார்கள். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்கள் மதுரை மாவட்டத்தில் இருக்கின்றன. திருவாதவூர் மேலவளவு இருக்கும் அதே மேலூர்ப் பக்கம். 2021இல் இவற்றின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பெயரில் மறுவாழ்வு வந்துவிட்டது, கிராம சபையில் வாக்கு வரவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பெயின்ட் அடித்துக் கூலி வாங்கும் பிள்ளைகளுக்கு ஊராட்சித் தலைவர் யாராக வேண்டும் என்று சொல்ல உரிமையில்லை. குறித்த நாளில் அதிகாரியின் முன்னால் குடும்பத்தோடு நின்று தணிக்கை கொடுக்க வேண்டும். தணிக்கை என்ற சொல்லை ஒரு முகாம் பெண் என்னிடம் சொன்னபோது, எனக்கு அந்த அப்பத்தா சொன்ன இரவுக் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது. முகாமில் குழாயடி ஒழுங்கையும் பள்ளிக் கட்டணத்தையும் சுய உதவிக் குழுவையும் நடத்துகிறவர்கள் பெண்கள்.

அவர்கள் விட்டுவந்த நாட்டில், 2009க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெண்களே தலைமையேற்று நடத்தினார்கள். கண்ணிவெடி அகற்றியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிச் சாலையோரக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் தாய்மார்கள். ஆனாலும் இலங்கை உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். 2017இல் சட்டம் திருத்தப்பட்டு நான்கில் ஒரு பங்கு ஒதுக்கிய பிறகு, 2018 பிப்ரவரித் தேர்தலில் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. போருக்குப் பிந்தைய எல்லாப் பேச்சிலும் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் 1325ஐ நிறைவேற்றியது 2000 அக்டோபரில். தீர்மானம் நியூயார்க்கில் இருந்து பிரதேச சபைக்கு வந்து சேர எத்தனை ஆண்டாகிறது என்பதை இதிலிருந்து கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

*

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கான இடம் 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு கிராம சபைக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தலைவர் பெண். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவர் கணவர் பக்கத்தில் நின்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். வரவு செலவு, சாலை, நூறு நாள் வேலை, எல்லாவற்றுக்கும் அவரே. கடைசியாகப் பின்னாலிருந்து ஒரு கிழவி, "மேலத் தெருவுக்கு வாரத்துல ரெண்டு நாளு, எங்களுக்கு ஏன் ஒரு நாளு?" என்று தண்ணீரைப் பற்றிக் கேட்டார். கணவருக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தலைவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். எந்த மோட்டார், எத்தனை மணி நேரம், எந்த வீட்டில் திருட்டு இணைப்பு என்று வரிசையாகச் சொன்னார். கூட்டம் அமைதியாகிவிட்டது. கணவர் மெல்ல ஒதுங்கித் தூண் பக்கம் போய் நின்றார்.

அன்று வீடு திரும்பும் வழியில்தான் மாணவியின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. அதற்கப்புறம் பெண்கள் என்ன செய்தார்கள்? ஊரை நடத்தினார்கள். யாருக்குத் தண்ணீர் இல்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. உள்ளாட்சி என்பது அந்தக் கணக்குதான். மாயக்காள் கொண்டுபோன தண்ணீருக்கும் லீலாவதி கொண்டுவந்த குழாய்க்கும் நடுவில் எழுபத்தேழு ஆண்டுகள். முதலாமவர் இரக்கம் காட்டினார், இரண்டாமவர் அதிகாரம் செலுத்தினார். நினைவுத்தூணில் பெயர் பொறித்து முதலாமவரைத் தாயாக்கிவிடலாம். இரண்டாமவரை அப்படி எளிதாகத் தாயாக்கிவிட முடியாது, அவர் கேட்டது பங்கு.

2025 ஜனவரியில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமலே தனி அலுவலர்களின் கைக்கு நிர்வாகம் போனது. வால்வு இருக்கும் இடத்தைச் சொன்ன அந்தத் தலைவரின் நாற்காலியும் அதோடு போயிற்று. பத்தாண்டு நாற்காலி காலியாகக் கிடந்ததற்காகப் பாப்பாபட்டியைப் பேசிய நாம், மாநிலத்தின் பெரும்பகுதியில் நாற்காலி காலியானபோது அவ்வளவு சத்தம் போடவில்லை.

அந்த மாணவி இப்போது ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. சென்ற மாதம் தொலைபேசியில் பேசினாள். மார்ச் 22 தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை உண்டல்லவா, அடுத்த முறை அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். "கேள்வி கேக்கவாடி?" என்றேன். "இல்லம்மா. அப்பத்தா பேரைப் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கணும். அது இதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. பேனாவால போடப் பழகிக்கிட்டு இருக்கு" என்றாள்.

ரேகை வைக்க மறுத்த ஊரின் பேத்தி அவள். கையெழுத்துப் போடட்டும்.